முழங்கால் உயரம்

றபாய்தீன் கடைக் கலண்டரில்
செப்டம்பருக்கு ஒரு காடு போட்டிருக்கிறார்கள்.
மரமெல்லாம் சிவப்பு, மஞ்சள், துருப்பிடித்த நிறம்.
ஆளே இல்லை.
சந்தனமேரி கேட்டாள்:
இவ்வளவு இலையையும் யார் கூட்டுவது?

எங்கள் பக்கம் மரங்கள் இலையை விடுவதில்லை.
தேயிலை, கிள்ளக் கிள்ளத் தளிர்க்கும்.
சவுக்கு காற்றோடு சண்டை போடும்.
கித்துல் தன்பாட்டுக்கு நிற்கும்.
உதிர்வது கிழங்குச் செடிதான்.
ஊவாக் காத்து லயத்துத் தகரத்தைத் தட்டத் தொடங்கினால்
ஆத்தோர வயலில் அது மஞ்சளாகும்,
பிறகு தாளாகும்,
பிறகு சாய்ந்து படுத்துவிடும்.
எங்கள் இலையுதிர்காலம் முழங்கால் உயரம்.
குனிந்துதான் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. பெரட்டு இல்லை.
இந்த வாரம் நந்தாவதியின் வயல்,
அடுத்த வாரம் எங்கள் குத்தகைத் துண்டு.
நாங்கள் கைமாத்து என்கிறோம்,
அவள் அத்தம் என்கிறாள்,
இரண்டுக்கும் கூலி இடுப்புவலி.

மருதை முள்ளைக் குத்தி நெம்பினான்.
முதல் செடியில் பதினொன்று. எண்ணினோம்.
ஒவ்வொன்றும் தூக்கத்தில் எழுப்பிய பிள்ளை முகத்தோடு.
வெயில் பட்டால் பச்சை ஏறும் என்று
நந்தாவதி காய்ந்த கொடியை அள்ளி அள்ளி மூடினாள்.
மூன்றாம் வரிசையில்
எங்கள் கணக்கப்பிள்ளையின் தொப்பை மாதிரி ஒன்று வந்தது.
தொப்புள்கூட இருந்தது.
கைக்குக் கை மாறி அது அந்தக் கரை போய்ச் சேரும்வரை
சிரிப்பும் கூடவே போனது.

பீலிச் சண்டைக்குப் பிறகு
ஒன்பது மாதம் பேசாத தங்கேஸ்வரியும் சந்தனமேரியும்
ஒரே சாக்கின் இரண்டு காதைப் பிடித்திருந்தார்கள்.
சமாதானம் ஒன்றுமில்லை.
"சரியாப் பிடி."
அவ்வளவுதான்.

எத்தனை சாக்கு தேறும் என்று பந்தயம்.
நான் இருபத்தாறு. மருதை முப்பது.
நந்தாவதியின் மகன் சஞ்சீவ,
முழங்கையில் பேனாவால் கணக்கு எழுதுகிறவன்,
இருபத்தொன்றரை என்றான்.
அந்த அரைச் சாக்குக்கு எல்லோரும் சிரித்தோம்.

முள்ளில் குத்துப்பட்டதை றபாய்தீன் லொறி ஏற்றாது.
அதனால் அது எங்களுக்கு.
வரப்பில் மூன்று கல், சவுக்குச் சுள்ளி,
தகர வாளியில் தோலோடு அவிந்தது.
நந்தாவதி சிரட்டை நிறையக் கட்டச் சம்பல் கொண்டுவந்தாள்.
கை சுட, வாய் சுட, மூக்கில் தண்ணி வர
ஊதி ஊதித் தின்றோம்.
உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டு சாயத்தண்ணி.
காத்து வந்து வந்து கிழங்கின்மேல் சாம்பல் தூவியது,
அதையும் தின்றோம்.
யாருக்கும் எழுந்திருக்க மனமில்லாத
அந்தக் கால்மணி நேரம்—
இந்த வருசத்தில் எனக்கென்று வாய்த்தது அதுதான் என்றாலும்
குறை சொல்லமாட்டேன்.

லொறியில் சொன்ன விலையை இங்கே எழுதவில்லை.
கிழங்குக்குக் கேட்டுவிடும்.

தூக்குத் தராசு சொன்னது: இருபத்தொன்றரை.
சஞ்சீவ முழங்கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே
வயலை மூன்று சுற்று ஓடினான்.
தோற்றவர்கள் அவனுக்கு ஆளுக்கொரு பணிஸ் வாங்கவேண்டும்.
ஒரே நாளில் தின்றால் வயிறு என்னாகும் என்று
அவன் அம்மாவுக்குத்தான் கவலை.

இருட்டும் மட்டும் பிள்ளைகள் மண்ணைக் கிளறினார்கள்.
விடுபட்டது கண்டெடுத்தவருக்கு. அது வழக்கம்.
மருதை யாருக்கும் தெரியாமல்
இரண்டு நல்ல கிழங்கைக்
காலால் மண்ணுக்குள் தள்ளிவிட்டதை
நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை, பத்தாம் நம்பர் மலை.
கொழுந்து நிறுக்கக் குனிந்தபோது
படங்கு மடிப்பில் ஏதோ உருண்டது.
எடுத்தேன். நேற்றைய தொப்பைக்காரன்.
யார் ஒளித்து வைத்தாளோ.
தராசில் வைத்தேன்.
முந்நூற்றெண்பது கிராம்.
வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது.

"சாக்குக்கு ரெண்டு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ
கழிச்சுக்குங்க ஐயா," என்றாள் தங்கேஸ்வரி.
முதலில் சிரித்தது சந்தனமேரி.

கணக்கப்பிள்ளை பேனாவை மூடினார்.
கிழங்கைப் பார்த்தார்,
எங்களைப் பார்த்தார்,
சட்டையைக் கொஞ்சம் கீழே
இழுத்துவிட்டுக்கொண்டார்.